சரீரமுயற்சியும் பகுத்தறிதலும்

கிறித்தவ மறையில் உடல் பெறும் இடம் பற்றி எழுதப்புகுவோர், பவுலடியாரின் பெயரால் வழங்கும் இரு கூற்றுக்களிடையே நின்று தடுமாறுவது வழக்கம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் உடலைப் பரிசுத்த ஆவியின் ஆலயமென உயர்த்துகின்றது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரமோ சரீரமுயற்சியின் பயன் அற்பமானதென்கின்றது. பின்னையதே பிரசங்க மேடைகளில் உடற்பயிற்சிக்கு எதிரான சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. ஆனால், தமிழில் 'அற்ப' என நிற்குமிடத்தில் கிரேக்க மூலத்திலுள்ளது 'சிறிதளவிற்கு' என்னும் பொருள்தரும் அளவுத்தொடரேயாகும். அதில் இகழ்ச்சி இல்லை. மேலும், அவ்வதிகாரம் தொடங்குவதே திருமணத்தையும் உணவையும் விலக்குமாறு போதிப்போரைக் கண்டித்துத்தான். அத்தொடர்பில் வைத்து நோக்குமிடத்து, நிருபம் குறைத்து மதிப்பது உடலை ஓம்புதலையா அன்றி உடலை ஒறுத்தலையா என்பதே ஐயத்துக்குரியதாகின்றது. மொழிபெயர்ப்பின் ஒரு சொல், தமிழ்க் கிறித்தவரின் உடற்சிந்தனை மீது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிழல் வீழ்த்தியிருக்கின்றது எனின் அது மிகையன்று.

இந்நிழலிலே நின்றுதான் இன்றைய யோகாசன விவாதமும் நடைபெறுகின்றது. யூன் 21ஐ உலக யோக தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் பிரகடனஞ் செய்தது. மறு ஆண்டு நிகழ்ந்த முதற் கொண்டாட்டம் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தமை இந்தியக் கிறித்தவர் சிலருக்கு மனக்குறையாயிற்று. 2018இல் கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையின் கோட்பாட்டு ஆணைக்குழு, யோகமும் கிறித்தவ விசுவாசமும் இயையா எனக் கூறிற்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993இல் அரசாங்கப் பாடசாலைகளில் யோகத்தைத் தடைசெய்து, 2021இல் அத்தடையைத் தளர்த்தியபோது, மந்திரமும் 'நமஸ்தே' என்னும் சொல்லும் கூடாதென நிபந்தனை விதித்தது. கை கூப்பி வணக்கம் சொல்வதைத் தாய்ப்பாலோடு கற்ற தமிழ்க் கிறித்தவருக்கு இந்நிபந்தனை நகைப்பையே தரும். அந்த நகைப்பிலே ஓர் உண்மையும் உண்டு. ஓரிடத்தில் வெறும் மரியாதையாக உள்ளது பிறிதோரிடத்தில் வழிபாடாகத் தோற்றலாம்.

விவாதத்தின் ஒரு முனையில் நிற்பவர் பெல்ஜியத்துப் பெனடிக்ற் சபைத் துறவி தெஷானே. 1956இல் பிரெஞ்சு மொழியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவரது கிறித்தவ யோக நூல், ஆசனத்தையும் மூச்சுப்பயிற்சியையும் அவற்றின் இந்து இலக்கினின்றும் பிரித்தெடுத்துச் செபத்துக்குத் துணையாக்க முயன்றது. முயற்சி நேர்மையானது, எனினும் அதன் அடியில் ஒரு குறை உளது. யோகத்தை உள்ளீடு நீக்கிய பாத்திரம் போலக் கையாளலாம் என்னும் எண்ணம் அம்மரபினை உடையவர்க்குச் செய்யும் மரியாதையாகாது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பது உடலை வளைக்கும் வித்தை கற்பித்தற்பொருட்டன்று. திருமூலரைத் தன் மொழியின் சொத்தாகக் கொண்ட தமிழ் மாணவன் இதை எளிதில் உணர்வான். ஐரோப்பியத் துறவிக்கு அது எட்டாமற் போயிற்று.

மறுமுனையில் வைத்துப் பேசப்படுவது, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 ஒக்ரோபர் 15இல் கர்தினால் றாற்சிங்கரின் ஒப்பத்துடன் வெளியிட்ட கிறித்தவத் தியானம் பற்றிய கடிதம். இதனைத் தடையுத்தரவாகக் காட்டுவோர் அதனை முற்ற வாசித்தவரல்லர். பிற சமயங்களின் முறைகளைக் கிறித்தவமல்ல என்ற ஒரே காரணத்தால் முன்கூட்டியே ஒதுக்கலாகாது என அக்கடிதமே கூறுகின்றது. உடலின் நிலை செபத்தைப் பாதிக்கும் என்பதை ஒப்புகின்றது. கீழைத் திருச்சபைகள் மூச்சோடு இயைத்து இயேசுவின் நாமத்தைச் செபிப்பதையும் நினைவூட்டுகின்றது. அது எச்சரிப்பது பிறிதொன்றை: உடலில் எழும் அமைதியையும் இளைப்பாறுதலையும் ஆவியானவரின் ஆறுதலாகவே மயங்குதலை. இவ்வெச்சரிக்கை ஆசனத்துக்கு மட்டுமா உரியது? ஒலிபெருக்கி அதிர, கைத்தாளம் முழங்க, கண்ணீர் பெருகும் உயிர்மீட்சிக் கூட்டத்தின் மெய்சிலிர்ப்புக்கும் அது பொருந்தாதா? கடிதத்தை மேற்கோளாக எடுப்போர் இப்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இரு முனையினரும் ஒருங்கே ஏற்கும் அடிப்படையைக் கேள்விக்குள்ளாக்கியது, 'யோக உடல்' எனப் பொருள்படும் தலைப்பில் மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளியிட்ட நூல். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனம் பற்றியன மூன்றே சூத்திரங்கள். இன்று உலகெங்கும் பயிலப்படும் நின்றாடும் ஆசனத் தொடர்களோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, மேலைத்தேய உடற்பயிற்சி முறைகளோடு கலந்து உருப்பெற்றவை என அவர் வாதிக்கின்றார். அக்கலப்பிற் பங்குகொண்டோரிற் கிறித்தவ வாலிபர் சங்கமும் ஒன்று. 1844இல் இலண்டனிலே தொடங்கிய அச்சங்கம் ஆவி, மனம், உடல் என்னும் மூன்றனையும் முக்கோணச் சின்னமாக்கியது. ஹரி பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் அதன் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். சங்கம் பரப்பிய சுவீடிய, டேனிய அசைவுமுறைகளும், 1930களில் மைசூர் அரண்மனையிலே கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த ஆசனங்களும் ஒரே காலத்துக் காற்றைச் சுவாசித்தவை. இன்றைய சபைகள் ஐயுறும் ஒன்றில் சபையின் பிள்ளைகளது கைரேகையும் பதிந்திருக்கின்றது!

இதனை வைத்துக்கொண்டு ஆசனம் யாவும் புதியவை எனத் துணிதலும் தவறு. சிங்கிள்டனே ஜேம்ஸ் மலின்சனோடு இணைந்து 2017இல் வெளியிட்ட யோகநூற் பகுதிகளின் மொழிபெயர்ப்புத் தொகுதி, பழைய நூல்களிலும் பலதிற ஆசனங்கள் உண்டென்பதைக் காட்டிற்று. நூலிலிருந்து பெறத்தக்க முடிபு சிறியது, ஆயின் பயனுடையது: ஓர் அசைவின் பிறப்பிடத்தைக்கொண்டு மட்டும் அதன் பொருளைத் தீர்மானித்தல் இயலாது. ஞாயிற்றை விளித்து மந்திரம் சொல்லிச் செய்யும் நமஸ்காரம் வேறு. முதுகுவலிக்கு வைத்தியர் கூறியபடி முதுகை வளைத்தல் வேறு. செய்பவர் யாரை நோக்கி, என்ன சொல்லிச் செய்கின்றார் என்பதே வினா.

இவ்வினாவோடு இன்னொரு வினாவையும் சேர்த்துக் கேட்ட ஆவணம் ஒன்றுண்டு. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009 மார்ச்சில் றெய்க்கி என்னும் கைவைத்தற் சிகிச்சை பற்றி வெளியிட்ட வழிகாட்டலே அது. அச்சிகிச்சை விசுவாசத்துக்கு ஒவ்வாதென்பதோடு அவர்கள் அமையவில்லை. அது குணம் தருகின்றதென்பதற்கு விஞ்ஞான ஆதாரமும் இல்லையென்றனர். பகுத்தறிதல் என்பதன் முழுமை இதுவே. பிரசங்க மேடைகளோ முதல் வினாவை மட்டும் எழுப்பி, இரண்டாவதைக் கைவிட்டுவிடுகின்றன. அதன் விளைவு விபரீதமானது. சிலுவை பொறித்த போத்தலில் வரும் செபித்த எண்ணெய் எவ்விசாரணையுமின்றி வீட்டினுள் நுழைகின்றது. குணமாக்கற் கூட்டத்துக்குச் சென்று வந்து நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிடும் தாய்க்கு, ஆசனத்தால் விளையக்கூடிய எக்கேட்டினும் பெரிய கேடு சொந்தச் சபையின் பெயராலேயே விளைகின்றது. பொய் கிறித்தவ உடை தரித்தால் மெய்யாகிவிடுவதில்லை.

இனி, இவ்விவாதம் முழுவதும் எவ்வகை உடலை மனத்திற் கொண்டு நடைபெறுகின்றது என நோக்கவேண்டும். தெஷானேயின் உடல் மடத்துத் துறவியின் உடல். ஆயர்களின் கவலைக்குரியது நகரத்து ஓய்வுள்ளோரின் உடல். மஸ்கெலியாவில் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், இடுப்பிலே படங்கு கட்டி, நெற்றி வழியே கயிறிட்ட கூடையைச் சுமந்து அட்டை கடிக்கும் மலையிலே ஏறியிறங்கும் பெண்ணுக்கு, உடற்பயிற்சி ஆவிக்குரியதா என்ற வினாவே விளங்காது. அவளுடைய சரீரமுயற்சி நிறுக்கப்படுவது. நிறை குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துத் தமிழரிடையே நற்செய்திப் பணிக்கென 1854இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன், துரைமாரின் பண உதவியையும் பெற்றே வளர்ந்தது. உடல் ஆலயம் என்ற போதனை குடிவெறியைக் கண்டிக்கப் பயன்பட்ட அளவுக்கு, அவ்வாலயத்தின் முதுகெலும்பு தேய்வதைக் கேட்கப் பயன்படவில்லை. இன்று மலையகத்தில் துரைமார் பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகிவிட்டன. நகரத்துக் களைப்பை ஆற்ற வருவோர் அங்கே முற்றத்தில் இளைப்பாறுகையில், எதிர்மலையிற் கொழுந்தெடுப்போர் காட்சிப் பொருளாகின்றனர். ஆரோக்கியம் பற்றிய கிறித்தவ விமர்சனம் இக்காட்சியைக் காணாது ஆசனங்களின் பெயர்களையே ஆராயுமாயின் அது அரைகுறை விமர்சனமே.

மஸ்கெலியாவாசிகள் இப்பிரச்சினையின் சாரத்தை நூல்களின் துணையின்றியே அறிவர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் கடந்து நல்லதண்ணி சென்றால் சிவனொளிபாதமலை. 2243 மீற்றர் உயர்ந்த அச்சிகரத்திலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்பர், சைவர் சிவனுடையதென்பர், இஸ்லாமியர் ஆதமுடையதென்பர், போர்த்துக்கேயர் காலந்தொட்டுத் தோமையாருடையதென்போரும் உளர். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் பருவத்தில் இரவிரவாக மக்கள் ஏறுகின்றனர். தோட்டத்துக் கிறித்தவ இளைஞனும் நண்பரோடு ஏறுகின்றான். ஆயிரக்கணக்கான படிகளில் அவன் மூச்சு வாங்குவதும் தொடை நடுங்குவதும் பக்கத்து யாத்திரிகனுக்கு நிகழ்வதுபோலத்தான். உச்சியில் ஒரு மணி தொங்குகின்றது. எத்தனையாம் தடவை ஏறினானோ அத்தனை முறை அடிப்பது அங்குள்ள வழக்கம். அவனுடைய முறை வருகின்றது. பின்னே நிற்கும் நண்பன் அவசரப்படுத்துகின்றான். கூட்டத்திலே அவனுடைய சபையைச் சேர்ந்த சிறுவனொருவனும் நின்று பார்க்கின்றான். விக்கிரகத்துக்குப் படைத்த உணவு பற்றிக் கொரிந்தியருக்கு எழுதுகையில் பவுல் கருத்திற்கொண்டது அத்தகைய சிறுவனின் மனச்சாட்சியைத்தான்.