சஞ்சிகையின் விலையும் கௌரவமும்: ஹாவார்ட் நூலக அறிவித்தல் ஒன்றை முன்வைத்துச் சில கருத்துக்கள்

2012 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்தின் ஆசிரியர் ஆலோசனைச் சபை, தன் ஆசிரிய சமூகத்தை விளித்து ஓர் அறிவித்தலை வெளியிட்டது. தோற்றத்தில் அது சுருக்கமானதொரு நிருவாகக் குறிப்பே. எனினும், அறிவு உற்பத்தியின் பொருளாதார அடித்தளம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்த ஆவணம் என்ற வகையில் அது நுணுகி நோக்கத்தக்கது. இலக்கியத் திறனாய்வாளன் நூலக நிதிக் குறிப்பொன்றை வாசிக்கப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நாம் மேற்கோள் காட்டும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை யாரோ ஒருவர் செலுத்திய சந்தாவின் வழியாகவே நம்மை வந்தடைந்தன என்பதை மறந்தோர்க்கே அது விந்தை.

அறிவித்தல் கூறும் செய்தி இதுதான். சில பெரும் வெளியீட்டு நிறுவனங்களின் சஞ்சிகைகளுக்காக மட்டும் ஹாவார்ட் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3.75 மில்லியன் டொலர் செலுத்திவந்தது. தனியொரு சஞ்சிகையின் ஆண்டுச் சந்தா 40,000 டொலர் வரை சென்றது. இரு நிறுவனங்களின் கணினிவழி வெளியீடுகளின் விலை ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 145 வீதம் உயர்ந்தது. நிறுவனங்களின் இலாபமோ 35 வீதத்தையும் தாண்டியது. உலகின் செல்வம் மிக்க பல்கலைக்கழகமே இவ்வாறு கையை விரிக்குமாயின், ஏனையோரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

அறிவித்தலின் மொழி சிந்தனைக்குரியது. பெரும் சஞ்சிகைச் சந்தாக்களைத் தொடர்ந்து தாங்க இயலாது என்பதே அதன் தலைப்பு. தாங்க இயலாமை என்பது கணக்காளரின் சொல். அநீதி என்னும் சொல் அங்கு இல்லை. ஆய்வாளர் எழுதுகிறார், சக ஆய்வாளர் மதிப்பிடுகிறார், இதழாசிரியர் குழுவும் பெரும்பாலும் ஊதியமின்றி அல்லது பெயரளவான கொடுப்பனவுடன் உழைக்கிறது, இவர்களின் வாழ்வுக்கான சம்பளத்தைப் பல்கலைக்கழகமோ அரசோ வழங்குகிறது. இவ்வுழைப்பின் விளைவு நிறுவனத்தின் உடைமையாகி, அதே பல்கலைக்கழகத்திற்கே பண்டமாக விற்கப்படுகிறது. தான் விளைத்த நெல்லைத் தானே காசு கொடுத்து வாங்கும் குத்தகைக்காரனை இங்கு உவமை கூறலாம். ஆனால் உவமை முற்றும் பொருந்தாது. குத்தகைக்காரனிடம் நிலம் இல்லை. ஆதலால் அவன் பணிகிறான். ஆய்வாளனோ தன் விளைச்சலைத் தானே வலியச் சென்று ஒப்படைக்கிறான். ஏன் என்பதே ஆராயத்தக்க வினா.

இவ்வேற்பாடு இயற்கையானதன்று, அதற்கு வரலாறு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அரசுகள் விஞ்ஞான ஆய்வுக்குப் பெருநிதி ஒதுக்கிய காலத்தில், அறிவியற் கழகங்களின் கையிலிருந்த சஞ்சிகை வெளியீடு தனியார் மூலதனத்தைக் கவர்ந்தது. 1951 இல் றொபர்ட் மக்ஸ்வெல் கைக்கொண்ட பேர்கமன் அச்சகம் இதன் முன்னோடி. 1991 இல் அது எல்சவியர் நிறுவனத்திடம் சேர்ந்தது. ஒரு சஞ்சிகைக்கு மற்றொன்று ஈடாகாது. மருத்துவருக்கு வேண்டிய கட்டுரை மலிவான வேறொரு சஞ்சிகையிற் கிடைக்காது. ஆகவே இங்கு போட்டி விலையைக் குறைப்பதில்லை. இது சாதாரண வணிக இலாபம் என்பதிலும் ஏகபோக வாரம் என்பதே பொருந்தும். 1990களின் பிற்பகுதியிலிருந்து சஞ்சிகைகளை ஒரே பொதியாகக் கட்டி விற்கும் முறை பரவியது. வேண்டாதவற்றையும் சேர்த்து வாங்கும் நிலைக்கு நூலகங்கள் தள்ளப்பட்டன. ஒப்பந்த விபரங்களோ இரகசியமாகப் பேணப்பட்டன. அமெரிக்கப் பொருளியலாளர் சிலர் தகவற் சட்டத்தைப் பயன்படுத்தியே அவற்றைப் பெற்று 2014 இல் ஆராய முடிந்தது. இவ்விரகசியத்தை ஹாவார்ட் அறிவித்தல் கண்டித்தமை அதன் சிறப்பான பகுதி எனலாம்.

சஞ்சிகைச் செலவு பெருகியபோது நூல் கொள்வனவே முதலிற் குறைக்கப்பட்டது. நூலை நம்பி வாழும் மொழி, இலக்கிய, வரலாற்றுத் துறைகள் விஞ்ஞானச் சஞ்சிகைகளின் விலையைத் தம் அலுமாரிகளின் வெறுமையால் செலுத்தின. மானிடவியற் புலத்தார் இதனை நூலகரின் தனித்த சிக்கலாகக் கருதி வாளாவிருந்தமை வருந்தத்தக்கது.

முன்னர் எழுப்பிய வினாவுக்கான விடையும் இவ்வறிவித்தலிலேயே மறைந்துள்ளது. அதன் ஒன்பது ஆலோசனைகளுள் ஒன்று, கௌரவத்தைத் திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கு மாற்றுமாறு ஆசிரியர்களைக் கேட்கிறது. கௌரவம் ஏதோ ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கத்தக்க பொருள் போலப் பேசப்படுகிறது. 1964 இல் ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய விஞ்ஞான மேற்கோட் சுட்டியும், அதனடியாகத் தோன்றிய தாக்கக் காரணியும் கௌரவத்தை எண்ணாக்கின. நியமனமும் பதவியுயர்வும் அவ்வெண்ணுடன் பிணைக்கப்பட்டன. இளம் விரிவுரையாளரிடம் கௌரவத்தைத் துறக்கச் சொல்வது வேலையைத் துறக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். நிரந்தரப் பதவியில் அமர்ந்தோர் எழுதிய அறிவித்தல் இவ்வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

எனினும் கூட்டுச் செயற்பாடு இயலாததன்று. 2015 இல், எல்சவியர் வெளியிட்ட 'லிங்குவா' என்னும் மொழியியற் சஞ்சிகையின் ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவினரும் ஒருங்கே பதவி விலகி, 'குளொசா' என்ற புதிய சஞ்சிகையைத் தொடங்கினர். உழைப்பாளர் அனைவரும் வெளியேறிய பின்னரும் 'லிங்குவா' என்ற பெயர் நிறுவனத்திடமே எஞ்சியது; வேறு ஆசிரியர்களைக் கொண்டு அது தொடர்ந்து வெளிவந்தது. நிறுவனத்தின் மெய்யான மூலதனம் யாது என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2019 பெப்ரவரியில் எல்சவியருடனான சந்தாவை முறித்தது இதனினும் பெரிய நிகழ்வு. அமெரிக்க ஆய்வு வெளியீட்டில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு அப்பல்கலைக்கழகத்தினுடையது; ஆகவே அதனாற் பேரம் பேச முடிந்தது. 2021 மார்ச்சில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி அதன் ஆய்வாளர் கட்டுரைகள் யாவர்க்கும் திறக்கப்பட்டன. ஆனால் வாசகன் வாசலில் இருந்த சுங்கம் எழுத்தாளன் வாசலுக்கு நகர்ந்தது. 'நேச்சர்' சஞ்சிகை 2020 இல் அறிவித்த திறந்த வெளியீட்டுக் கட்டணம் கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ. முன்னர் வாசிக்க முடியாதிருந்த வறிய நாட்டு ஆய்வாளன் இனி வாசிப்பான், எழுத முடியாதவனாக. கட்டணச் சலுகைகள் உள்ளன என்பர். சலுகை உரிமை ஆகாது.

பிறேசிலில் 1990களின் இறுதியில் உருவான சியெலோவும், மெக்சிக்கோவின் அரச பல்கலைக்கழகமொன்றைத் தளமாகக் கொண்ட ரெடாலிக்கும் வேறொரு பாதையைக் காட்டியுள்ளன. அங்கு சஞ்சிகைகள் பெரிதும் பல்கலைக்கழகங்களின் உடைமை, பொதுநிதியே அடிப்படை, எழுதவும் வாசிக்கவும் பணம் அறவிடாத சஞ்சிகைகளையே ரெடாலிக் முன்னிறுத்துகிறது. ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகளில் ஆய்வு நிகழ்த்துவதும் அங்கு குறைவாக எண்ணப்படவில்லை. தமிழில் ஆய்விதழ் நடத்துவோர்க்கு இதுவே முக்கிய செய்தி. ஹாவார்ட் அறிவித்தலின் ஒன்பது ஆலோசனைகளுள் இவ்வழி இடம்பெறவில்லை.