கை வைக்காத கைவண்ணம்

வடமராட்சியில் ஒரு மெக்கானிக்கின் பெருமையை அவருடைய கை எவ்வளவு ஆழம் போகிறது என்பதை வைத்துத்தான் முன்பெல்லாம் அளந்தார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கண்ணில் படாது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையின் நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே பழுது சொன்ன அந்தத் தலைமுறைக்கு நானும் ரசிகன்தான். ஆனால் இப்போது உடுப்பிட்டியில் ஒரு கராஜ் வாங்கில் உட்கார்ந்து நான் ரசிப்பது, எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்த கையை.

ஹைபிரிட் கார்கள் வந்தபின் ஏற்பட்ட ருசி இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் இங்கே இருந்த ரொயோட்டா அக்குவாக்களும் பிறியஸ்களும் ஓடி ஓடிப் பழுத்தன. பழுத்தால் பழுதும் வரும். அதிலும் "கியர் விழுகுதில்லை" என்று வருகிற வண்டிகள்தான் மெக்கானிக்கின் தரத்தைக் காட்டிக்கொடுப்பவை.

அக்குவாவில் கியர்பொக்ஸ் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என மாற்றுகிற கியரே கிடையாது. நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். சூரியனில் ஒரு மோட்டர். கோள்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின். வளையத்தோடு இரண்டாவது மோட்டரும் முன்சில்லுகளும். முதல் மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையிலான விகிதம் மாறிவிடுகிறது. கிளச் இல்லை, பெல்ற் இல்லை. இவ்வளவு சிக்கனமான அழகு வாகனப் பொறியியலில் அபூர்வம் என்பது என் கட்சி. கியரை மாற்றுவது மின்சாரம் என்றால், பழுது தேடுவதும் மின்சாரத்துக்குள்தான். 144 வோல்ட் பற்றரியை இன்வேட்டர் 520 வோல்ட் வரை தூக்குகிறது. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயர் அழுத்தம் என்பது வாகன உலகின் கணக்கு.

அன்றைக்கு ஓர் அக்குவா லொறியில் வந்து இறங்கியது. பின்னாலேயே சொந்தக்காரரும் வந்தார்.

"தம்பி, டீ-யில போட்டாலும் அசையுதில்லை. கியர்பொக்ஸ் மாத்தோணுமாம் எண்டு ஒரு இடத்தில சொல்லிப்போட்டாங்கள்."

"பொறுங்கோ ஐயா. முதல்ல சின்னப் பற்றரியைப் பாப்பம்."

மெக்கானிக்கின் அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பாதித் திருப்தி. 12 வோல்ட் பற்றரி சோர்ந்தால், காருக்குள் இருக்கும் கொம்பியூட்டர்கள் ஆளாளுக்கு ஒவ்வொரு முறைப்பாடு சொல்லும். கியர் முறைப்பாடும் அதில் ஒன்றாக இருக்கலாம். பற்றரி சரியாக இருந்தது. அடுத்து ஸ்கானர். பழுதுக் குறியை வாசித்த கையோடு அழித்துவிட்டு "திரும்ப வருதோ பாப்பம்" என்பவர்கள் இருக்கிறார்கள். அது தடயத்தைக் கழுவி ஊற்றுகிற வேலை. பழுது நேர்ந்த கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, மோட்டர் எவ்வளவு சூடு, பற்றரி எத்தனை வோல்ட் என்பதையெல்லாம் கார் தானே எழுதி வைத்திருக்கிறது. இவர் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சின்னப் பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்கானர் குத்தும் சொக்கற்றில் 6ஆம் 14ஆம் ஊசிகளுக்கு நடுவே மீற்றரை வைத்தார். 60 ஓம். கொம்பியூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் தடைகள் உண்டு. இரண்டும் உயிரோடு இருந்தால் இந்த அறுபது வரும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. கடற்காற்று கனெக்டர்களுக்குள் பச்சை பூக்க வைக்கிற ஊரில் இதைப் பார்க்காமல் மேலே போவது ரசனைக் குறைவு. இவ்வளவும் முடிந்தது, உயர் அழுத்தம் ஓடும் செம்மஞ்சள் கேபிள் ஒன்றின் பக்கம்கூட அவர் கை போகவில்லை.

போகவேண்டி வந்தபோது அதற்கொரு ஒழுங்கு இருந்தது. மோதிரம், மணிக்கூடு, பையிலிருந்த பேனை எல்லாம் மேசைக்குப் போயின. காரின் திறப்பு தூரத்து இழுப்பறைக்குள். 1000 வோல்ட்டுக்கான றப்பர் கையுறையை மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிச் சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் தள்ளினார். விரல்கள் உப்பி நின்றன. கன்னத்துக்குக் கிட்டப் பிடித்துக் காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார். ஊசித்துளை ஒன்று இருந்தாலும் அந்தக் கையுறை குப்பைக்குத்தான். உயர் அழுத்தச் சுற்றைத் துண்டிக்க, பின்சீற்றுப் பக்கம் இருந்த சேர்விஸ் பிளக்கை இழுத்து எடுத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேறொருவர் தெரியாமல் திருப்பிப் பூட்டிவிடாமலிருக்க, ரொயோட்டாவின் கையேடே சொல்லும் ஏற்பாடு அது.

பிறகு பத்து நிமிடம் சும்மா இருந்தார். பிளக்கை எடுத்தாலும் இன்வேட்டருக்குள் இருக்கும் கப்பாசிற்றர்கள் மின்னைப் பிடித்து வைத்திருக்கும்; அது இறங்கவேண்டும். கார்க்காரர் பொறுமையிழந்து நடந்தார், இவர் அசையவில்லை. நேரம் ஆனபின்பும் இறங்கியிருக்கும் என்று நம்பிவிடவில்லை. மீற்றரை முதலில் தெரிந்த பற்றரி ஒன்றில் வைத்தார்: 12 காட்டியது. இன்வேட்டர் முனையில் வைத்தார்: பூச்சியம். மறுபடியும் அந்தப் பற்றரியில் வைத்தார். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது தொடுகை. நடுவில் வந்த பூச்சியம் மின்சாரம் இல்லாததால் வந்ததா, மீற்றர் செத்ததால் வந்ததா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. அவசரக்காரர் எவரும் அதைச் செய்வதில்லை.

ஸ்கானரில் வந்திருந்த குறி பீ0ஏஏ6. உயர் அழுத்த மின்சாரம் காரின் உடம்போடு எங்கோ தொடுப்பு வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபிரிட்டில் நேர்க் கம்பி, மறைக் கம்பி இரண்டையும் உடம்பிலிருந்து பிரித்தே வைத்திருப்பார்கள். கசிவு வருகிறதா என்று கொம்பியூட்டர் எந்நேரமும் காவல் பார்க்கும். இந்தக் குறிக்குள் இன்னொரு சிறு எண் ஒளிந்திருக்கும். 526 என்றால் கசிவு உண்டு, அவ்வளவுதான். 612 பற்றரிப் பக்கம், 613 கியர்பெட்டிக்குள் இருக்கும் மோட்டர்கள், 614 இடையிலுள்ள மின்பாதை. இந்தக் காரில் இருந்தது 611. ஏசி!

இந்த வண்டிகளில் ஏசி கொம்பிரசரும் உயர் அழுத்தத்தில்தான் சுற்றுகிறது. அதன் மோட்டர்ச் சுருள் குளிர்வாயுவிலும் எண்ணெயிலும் தோய்ந்தே இருக்கும். ஆகையால் மின்னைக் கடத்தாத என்டி-11 எண்ணெய்தான் விடவேண்டும். சாதாரணக் கார்களுக்கு விடுகிற பிஏஜி எண்ணெய் கலந்தால் காப்பு இறங்கிக் கசிவு தொடங்கும். கசிவைக் கண்ட கொம்பியூட்டர் 'ரெடி' விளக்கை எரியவிடவில்லை. ரெடி இல்லாத காரில் லீவரை டீ-யில் போட்டு என்ன பயன்? "ஐயா, கிட்டடியில ஏசிக்குக் காஸ் அடிச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம், போன மாசம்" என்றார் அவர். கொம்பிரசர் மாற்றும் செலவு சின்னதில்லை. ஆனால் மாற்றச் சொல்லியிருந்த கியர்பொக்ஸில் ஒரு நட்டுக்கூடக் கழலவில்லை. 613 வந்திருந்தால் கதை வேறு: எண்ணெயை வடித்து நிறம் பார்த்து, 500 வோல்ட் காப்புமானியால் சுருள்களைச் சோதிக்கவேண்டி இருந்திருக்கும்.

ஹொண்டா ஜீபீ5 எனக்கு அவ்வளவு உவப்பில்லை. 2013 செப்டெம்பரில் வந்த அந்தப் பிற் ஹைபிரிட்டில் ஏழு கியர், இரட்டை உலர் கிளச், ஒரு மோட்டர். ஓட்டச் சுகம்தான், ஊர்ந்து போகிற நெரிசலில் கிளச் கொதிக்கும். ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் யப்பானில் ஐந்து தடவை திரும்ப அழைத்தார்கள். முதலாம் கியர் விழாத பழுதுக்கு மருந்து கியரை ஆட்டும் மென்பொருளில் இருந்தது. இந்தத் திரும்ப அழைப்புகளுக்குப் பொறுப்பேற்று 2014 ஒக்டோபரில் ஹொண்டாவின் அன்றைய தலைவர் தகனோபு இட்டோ மூன்று மாதத்துக்குத் தன் சம்பளத்தில் 20 வீதத்தை விட்டுக்கொடுத்தார். ஸ்பானரைத் தூக்கமுன் மென்பொருளின் பதிப்பைப் பார்க்கிறவரே ஜீபீ5க்கு ஏற்ற வைத்தியர். முழு மின்சாரக் காரான நிசான் லீவிலோ மாற்றுவதற்குக் கியரே இல்லை, வேகத்தை எட்டில் ஒன்றாக்கும் ஒற்றைப் பல்சக்கரத் தொகுதி மட்டும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். அங்கே படித்துவரும் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்க் கார்க்காரரைத் திருத்துவதுதான் பெரும்பாடு. நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுப்பது இங்கே பரம்பரைப் பழக்கம். ஹைபிரிட்டை முன்சில்லு நிலத்தில் உருள இழுத்தால், சில்லோடு பிணைந்த அந்த இரண்டாவது மோட்டரும் சுற்றும். அதற்குள் இருப்பது நிரந்தரக் காந்தம். சுற்றினால் மின்சாரம் பிறக்கும், திறப்பு வீட்டு மேசையில் கிடந்தாலும். அதனால் போன் எடுத்ததும் என்ன பழுது என்றுகூட எங்கள் மெக்கானிக் கேட்பதில்லை. "எதால இழுத்துக்கொண்டு வாறியள்? கயிறெண்டால் அவிழ்த்துப்போட்டு அங்கேயே நில்லுங்கோ, லொறி அனுப்புறன்."