விக்கிப்பீடியர் சந்திப்புகள்: சில விமர்சனக் குறிப்புகள்

தமிழிற் கலைக்களஞ்சிய முயற்சி தனிமனித உழைப்பாகவே தொடங்கிற்று. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதானகோசம்’ 1902இல் வெளிவந்தது. பின்னர், பெ. தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதற் பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. 2003இல் உருவான தமிழ் விக்கிப்பீடியா இவ்விரு மரபுகளிலிருந்தும் வேறுபட்டது. அதனை ஆக்குவோர் ஊதியம் பெறாதோர். பல நாடுகளிற் சிதறியிருப்போர். பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதோர். இவர்களை ஓரிடத்திற் கூட்டும் உள்ளூர்ச் சந்திப்புகள் எதனைச் சாதிக்கின்றன என்பது விமர்சன நோக்கில் ஆராயப்படவேண்டியது.

ஜேர்மன் மொழி விக்கிப்பீடியர் 2003 ஒக்டோபரில் மியூனிக் நகரிற் கூடினர். இத்தகைய கூடல்களை அவர்கள், உணவுச்சாலையில் ஒரு குழுவினர் வழக்கமாக அமரும் மேசையின் பெயராலேயே அழைக்கின்றனர். அம்மேசைக்குத் தலைமை ஆசனம் இல்லை. நம்மிடையே நிலைமை வேறு. மங்கல விளக்கேற்றலுடன் தொடங்கி, வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை, சான்றிதழ் எனச் செல்லும் நிகழ்ச்சி நிரலில் எழுதுவதற்கு எஞ்சுவது ஒரு மணி நேரமே. அந்நேரத்தில் முப்பது மாணவர் ஒரே இணைய இணைப்பிலிருந்து கணக்குத் திறக்க முனைவர். ஓரிணைப்பிலிருந்து ஒரு நாளில் திறக்கத்தக்க கணக்குகளுக்கு வரம்புண்டு என்பது முன்பே அறியப்படாமையால் முதற் சிலருக்குப் பின் வந்தோர் வாளாவிருப்பர். பின்னர் குழுப்படம் எடுக்கப்படும். புனைபெயரில் எழுதுவோரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. எமது நாட்டில் இது சிறிய விடயமன்று.

இவை ஒழுங்கமைப்புக் குறைகள் எனலாம். அடிப்படைக் குறை வேறொன்றாகும். எழுதப்படும் செய்திக்கு ஆதாரம் காட்டவேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் முதன்மையான விதி. எமது கிராமங்களைப் பற்றிய ஆதாரங்களோ பெரும்பாலும் கும்பாபிஷேக மலர்களிலும், பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும், அந்தியேட்டித் தினத்தன்று வழங்கப்படும் கல்வெட்டுகளிலும் கிடக்கின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபின், வீட்டு அலுமாரிகளில் எஞ்சியவற்றின் பெறுமதி பன்மடங்காயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இவற்றுட் பலவற்றை மின்வடிவமாக்கியுள்ளது. கைபடாதவை இன்னும் உள. கல்வெட்டொன்றை ஆதாரமாகக் கொள்ளலாமா? இறந்தவரைப் போற்றும் பகுதியைக் கொள்ள இயலாது. ஆயின் அவர் பணியாற்றிய பாடசாலைகளின் பெயர்கள், சங்கக் கடை நிறுவப்பட்ட ஆண்டு முதலியன பிறிதொரு சான்றோடு ஒப்பிடத்தக்கன. இத்தகைய மதிப்பீட்டை ஒரு புதியவர் தனியே திரையின் முன் அமர்ந்து கற்பது அரிது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலிருந்து, அதே மலரைப் புரட்டிக் காட்டின் அரை நாளிற் கற்றுவிடலாம். நேரிற் கூடுவதன் நியாயம் இதிலேதான் உளது. மண்டபத்தை விடுத்து வாசிகசாலையையோ சனசமூக நிலையத்தையோ சந்திப்பிடமாகக் கொள்ளவேண்டும் என்று நான் கருதுவதும் இதனாலேயே.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஒக்டோபர்’ என எழுதுவதா, ‘அக்டோபர்’ என எழுதுவதா? கிரந்த எழுத்துகளை எவ்வளவு பயன்படுத்துவது? ஈழத்து, தமிழகத்து வழக்குகளிடையே எழும் இவ்விவாதங்கள் எழுத்திற் கடுமையாகத் தோன்றினும், தேநீர்க் கோப்பையோடு பேசுகையில் தணிந்துவிடுகின்றன. எனினும் கூடியோர் தமக்குள் முடிவுசெய்து வந்து, ‘கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று அறிவிப்பார்களாயின் அது அதிகாரமாகிவிடும். ரொறன்ரோவிலிருந்தோ துபாயிலிருந்தோ எழுதுபவர் அக்கூட்டத்திற்கு எவ்வாறு வருவார்? கூட்டத்திற் பேசியது உரையாடற் பக்கத்தில் முன்மொழிவாக மாத்திரம் வைக்கப்படவேண்டும்.

வராதோருட் பெண்களையும் எண்ணவேண்டும். விக்கிமீடியா நிறுவனம் 2011இல் நடத்திய கணிப்பிற் பங்கேற்ற தொகுப்பாளருட் பெண்கள் பத்திலொரு பங்கினருக்கும் குறைவு. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, கடைசிப் பேருந்து சென்றபின் முடியும் சந்திப்பு இவ்விகிதத்தை மாற்றப்போவதில்லை.

எமது சங்கமும் இத்தகைய சந்திப்பொன்றை நடத்துமாயின், சனிக்கிழமை முற்பகலில், பத்துப் பேருக்கு மேற்படாமல், நூலகத்தின் ஈழத்துத் தொகுப்பின் அருகே நடத்தலாம். புதியோர் தத்தம் வீட்டிலேயே கணக்குத் திறந்து, தமது ஊர் மலரொன்றுடன் வரலாம். அழைப்பிதழிற் பேச்சாளர் பெயர்கள் இடம்பெறும் பகுதியில், அன்று மேசைமீது வைக்கப்படவுள்ள நூல்களின் பெயர்களை அச்சிடுவோம்.