ஹயாத்தும் வாழ்க்கையும்

மொழிபெயர்ப்பாளனின் திறனை அருஞ்சொற்கள் சோதிப்பதில்லை. அவற்றுக்கு அகராதி துணை நிற்கும். எளிய சொற்களே அவனைச் சோதிக்கின்றன. ‘வாழ்க்கை’ அத்தகையதொரு சொல். அரபியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு வரும் நூல்களில் அச்சொல் இடமறியாது கையாளப்படுவதை நாம் பலகாலும் காண்கிறோம். அதுபற்றிச் சில கூற விழைகிறோம்.

ஆங்கிலத்தில் ‘லைஃப்’ என்னும் ஒரே சொல் எல்லாப் பொருளையும் சுமக்கிறது. தமிழோ அச்சுமையைப் பகிர்ந்தளிக்கிறது. மருத்துவர் காப்பது உயிர். நீதிமன்றம் விதிப்பது ஆயுள் தண்டனை. சான்றோரைப் பற்றி எழுதப்படுவது வாழ்க்கை வரலாறு. ‘வாழ்தல்’ என்பதும் வெறுமனே உயிரோடிருத்தல் அன்று. ‘வாழ்ந்து கெட்ட குடும்பம்’ என்னும்போது அது செழிப்பைச் சுட்டும். ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்னும்போது இல்லறத்தைச் சுட்டும். இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம் என்னும் குறளின் அதிகாரப் பெயர்களும் இதற்குச் சான்று. கிரேக்கரும் உயிர்ப்பை ‘ஸோயீ’ என்றும், வாழும் முறையைப் ‘பியோஸ்’ என்றும் பெரும்பாலும் பிரித்தே வழங்கினர்.

அரபியின் பகுப்பு வேறு. ‘ஹயாத்’ மரணத்துக்கு எதிர்நிலை. ‘வாப்பா ஹயாத்தோடு இருந்த காலத்தில்’ என்னும் நம் வீட்டு வழக்கு அப்பொருளைச் சிதையாமல் காத்து வருகிறது. அதனை ‘வாழ்க்கையோடு இருந்த காலத்தில்’ என்று எவரும் சொல்லார். ‘உம்ர்’ ஆயுளைக் குறிக்கும். எனினும் ஆயுள் என்பது கால அளவு மட்டுமே. உம்ரின் வேரில் குடியிருத்தல், கட்டியெழுப்புதல், செழிக்கச் செய்தல் ஆகிய பொருள்களும் உறைகின்றன. இப்னு கல்தூன் 1377-இல் இயற்றிய ‘முகத்திமா’வில் மனித சமுதாயத்தின் நாகரிகத்தைக் குறிக்க ஆண்ட ‘உம்ரான்’ என்னும் சொல் அவ்வேரில் முளைத்ததேயாகும்.

மூன்றாவது சொல் ‘ஐஷ்’. வாழ்தல் என்பதே அதன் பொருள். ஆனால் எகிப்தியரின் பேச்சில் அதுவே ரொட்டிக்கும் பெயர். வளைகுடாப் பகுதிகளிலோ அது சோற்றைக் குறிக்கிறது. உயிர் எதனால் நிற்கிறதோ அதற்கு வாழ்வின் பெயரையே மக்கள் சூட்டினர். உணவையும் உயிரையும் சேர்த்துக் காணும் இப்பார்வை, மணிமேகலையைக் கற்ற தமிழர்க்குப் புதியதன்று.

2011-ஆம் ஆண்டு சனவரியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட மக்கள், ஐஷ், சுதந்திரம், சமூக நீதி என முழங்கினர். ஆங்கில ஏடுகள் முதற்சொல்லை ரொட்டி எனப் பெயர்த்தன. அது பிழையன்று. ஆயினும், முழங்கியோர் செவியில் ரொட்டியும் வாழ்வும் ஒருங்கே ஒலித்திருக்கும். ஆங்கிலத்தின் வழியே தமிழாக்குவோர்க்கு ரொட்டி மட்டுமே கிட்டும்; சோறுண்ணும் நமக்கோ அது சிற்றுண்டி! மாறாக, ‘வாழ்க்கை’ என்று எழுதினால் பசி மறைந்துவிடுகிறது.

இவ்விடத்தில் தமிழுக்குப் ‘பிழைப்பு’ என்னும் சொல் உண்டு. சாவிலிருந்து தப்புவதும் பிழைத்தல். உழைத்து உண்பதும் பிழைப்பு. வளைகுடா சென்ற நம்மவரும் பிழைப்புத் தேடியே சென்றனர். ‘இதுவும் ஒரு பிழைப்பா?’ என்னும் ஏளனம் ஒட்டிய சொல், இலக்கியத்துக்கு ஆகாது என்பார் உளர். சதுக்கத்தில் ஒலித்ததும் ஏட்டு மொழியன்று, அடுக்களை மொழியே என்பதை அன்னார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரபி கற்றோர் நம்மிடையே குறைவல்லர். இருந்தும், இக்கால அரபு இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டே தமிழை அடைகிறது. அங்கே ஒன்றாகக் கரைந்துபோன மூன்று சொற்களை இங்கே பிரித்தெடுப்பது அரிது. மூலத்தை எதிரே வைத்து, அங்கு நிற்பது ஹயாத்தோ, உம்ரோ, ஐஷோ எனத் தேர்ந்தெழுதும் பணியை அரபி அறிந்த நம் எழுத்தாளர்கள் ஏற்க வேண்டும். அதற்கான சொற்கள் தமிழில் ஆயத்தமாகவே உள்ளன.