ஒரு வாரம் பூரா விரதம்

பியூன் வராத நாளில் பள்ளிக்கூடத்தில் தனக்குத் தண்ணீர் இல்லை என்று எழுதினார் அம்பேத்கர். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூதன்' (1997) தன்வரலாற்றில் தலைமையாசிரியர் சிறுவனைப் பள்ளியைக் கூட்ட வைக்கிறார். அப்பா வந்து துடைப்பத்தைப் பிடுங்கி எறிகிறார். இரண்டிலும் பார்ப்பது மாணவனின் கண். அந்த மாணவன் படிச்சு வாத்தியாராகி ஆசிரியர் அறைக்குள் போன பிறகு? அதை நாம் எழுதியது குறைவு.

நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸ்கள் திறக்கும். கூட்டும் பொரியலும் கைமாறும். எனக்கும் போடுவாங்க. என் டப்பாவை நீட்டினால், "வயிறு சரியில்ல சார்", "இன்னிக்கு விரதம் சார்." ஒரு வாரம் பூரா விரதம். அப்புறம், "சத்துணவை நீங்க பாத்துக்குங்களேன்"ன்னு வெளியே அனுப்பினாங்க. அங்கே பசங்க ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாங்க. சமத்துவம் மரத்தடி வரைக்கும்தான்.

யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி எதைப் புகாராக எழுத? பொரியலை வாங்கலைன்னா? சாட்சி இல்லாத இந்த அவமானத்தை இலக்கியம்தான் பதிய முடியும். ஆனால் நம்ம விமர்சகர்களே இதை 'மாதச் சம்பளக்காரன் புலம்பல்' என்று ஒதுக்குகிறார்கள். ரத்தம் தெரிஞ்சாத்தான் காயமா?

தோழர்களே, என் பொரியலைத் தொடாத கைதான் மத்தியானம் நம்ம பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துது. அந்த அரைமணி நேரத்தை எழுதுங்கள்.