ராஜா கோரி: ஒரு சொல்லும் இருவகைக் கட்டடங்களும்

அரசர் கல்லறைகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் பயண நூல்கள் பெரும்பாலும் குவிமாடத்தின் உயரத்தையும் தூண்களின் எண்ணிக்கையையும் கூறி நின்றுவிடுகின்றன. உள்ளே உடல் இருக்கின்றதா என்னும் எளிய வினாவை அவை எழுப்புவதில்லை. கட்டடத்தின் அமைப்பே அவ்வினாவின் விடையைப் பொறுத்து மாறுவதால், இது சிறிய குறையன்று.

ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள கைத்தோரில் கச்வாகா மன்னர்களுக்கு எழுப்பிய சத்ரிகளை நோக்குவோம். உடல் எரியூட்டப்பட்டுவிட்டது, மறைத்துக் காக்க வேண்டியது எதுவும் இல்லை. எனவே தூண்கள் தாங்கும் திறந்த மண்டபமே போதுமாயிற்று. முஸ்லிம் அரசர்களின் நிலை வேறு. கப்ரின் மீது சாந்து பூசுவதையும் கட்டடம் எழுப்புவதையும் தடுக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அரச ஆசையோ அதற்கு எதிர்த்திசையில் இழுத்தது. இந்த இழுபறியை ஆக்ராவில் தெளிவாகக் காணலாம். தாஜ்மஹாலின் மேற்கூடத்தில் பயணிகள் வியந்து நோக்கும் பளிங்குப் பேழைகள் வெறுமையானவை. மும்தாஸும் ஷாஜஹானும் துயில்வது கீழறையில். அழகு முழுவதும் உடலற்ற கல்லுக்கே அளிக்கப்பட்டுள்ளது. அவர்களின் மகள் ஜஹானாரா 1681இல் மறைந்தபோது, தில்லி நிஜாமுத்தீன் அவ்லியாவின் வளாகத்தில், வானம் பார்த்த, புல் முளைக்கும் கப்ரையே தமக்கெனக் கொண்டார். ஒரே குடும்பத்தில் எழுந்த இந்த மறுமொழியைக் கட்டடக்கலை விமர்சனம் என்றே நாம் கொள்வோம்.

தமிழகத்திற்கு வருவோம். தஞ்சாவூரில் மராட்டிய அரசர்களின் நினைவிடங்கள் அமைந்த பகுதிக்கு ‘ராஜா கோரி’ என்று பெயர். ‘கோர்’ என்னும் பாரசீகச் சொல்லே தமிழில் ‘கோரி’ ஆகி முஸ்லிம்களின் அடக்கத்தலத்தைக் குறித்தது. எரியூட்டப்பட்ட இந்து மன்னர்களின் சமாதிகளை அச்சொல்லால் அழைப்பதில் மக்கள் எவ்வித முரணையும் காணவில்லை. அம்மரபின் முன்னோரான ஷாஜிக்கு, அஹமத்நகரின் ஷா ஷரீஃப் என்னும் இறைநேசரின் நினைவாகவே பெயரிடப்பட்டதென்பர். பெயரிலேயே கலந்துவிட்ட பண்பாட்டை, ‘இது யாருடைய பாணி’ என்று பிரித்துப் பார்ப்போர் சற்றே நிதானிக்கலாம்.

உடல் உள்ள கல்லறைகளுக்குத் திருச்சிராப்பள்ளி நத்ஹர் வலி தர்காவே நம் அருகிலுள்ள சான்று. 1752இல் தலை துண்டிக்கப்பட்ட சந்தா சாஹிபும், அவருடன் கர்நாடக நவாப் பதவிக்குப் போரிட்டு வென்ற முஹம்மத் அலீ வாலாஜாஹும் அங்கே அடங்கியுள்ளனர். வாலாஜாஹ் 1795இல் சென்னையில் மறைந்தவர். திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசலைத் தோற்றுவித்த குடும்பத்திற்குச் சென்னையில் இடமில்லாமல் போகவில்லை. எனினும் உடல் காவிரிக்கரைக்குச் சென்றது. அவ்வளாகத்தின் மையம் இறைநேசரின் கப்ர். அரசர்கள் அதன் ஓரத்தில். ‘தப்லே ஆலம் பாதுஷா’ என்று அரசப் பட்டத்தோடு போற்றப்படுபவரும் அவரே, நவாபுகள் அல்லர். தனித்தனிக் கட்டடமாக அளந்து எழுதுவோருக்கு இந்த வரிசைமுறை புலப்படாது. எது மையம், எது ஓரம் என்பதே அங்கு வாசிக்க வேண்டிய கட்டடக்கலை.

புளியந்தோப்பிலிருந்து எழுதும் நமக்கு இதற்கு இன்னும் அண்மையில் ஓர் ஒப்புமை உண்டு. 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாஹிபின் அடக்கத்தலம் வடசென்னையிலேயே இருக்கின்றது. அவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டியிலிருந்து வந்த அவரால்தான் தண்டையார்பேட்டை அப்பெயர் பெற்றதென்று மக்கள் வழக்கு கூறும். அரசாளாத இந்தச் சுல்தானின் பெயரைத் துறைமுகத் தொழிலாளரும் அறிவர். வாலாஜாஹின் பெயரோ சாலையிலும் ஊரிலும் நிற்கின்றது.

இவ்விடங்களுக்கு இன்று நேரும் பெருங்கேடு புறக்கணிப்பு மட்டுமன்று. பக்தியால் செய்யும் பழுதுபார்ப்பும்தான். சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கலை அரிக்கின்றது. அதை மறைக்கப் பீங்கான் ஓடு பதிக்கின்றார்கள். மேலே பச்சை வண்ணம் அடிக்கின்றார்கள். சுதை வேலைப்பாடுகளும் கல்வெட்டுகளும் அதனடியில் புதைகின்றன. ஜியாரத்துக்குச் செல்லும் வாசகர்கள், அடுத்த பூச்சுக்கு முன்பாகவேனும் கல்வெட்டுகளைப் படியெடுத்து வருவார்களாயின், இவ்விதழ் அவற்றை வெளியிடக் காத்திருக்கின்றது.