மயிலுக்குப் போர்வை, யானைக்கு நாணயம்

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு விலங்கின்மேல் பிரியம் வரவழைத்தது எந்தப் பள்ளிக்கூடமும் அல்ல, மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நின்ற லட்சுமிதான் என்று சொன்னால் ஊரில் மறுப்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். தொண்ணூறுகளில் குட்டியாக வந்த யானை அது. காலில் கொலுசு, நீட்டிய காசைத் தும்பிக்கையால் வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்யும். 2022 நவம்பர் 30 காலை, நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் சுருண்டு விழுந்து இறந்தபோது அதற்கு 32 வயது. ஊரே திரண்டு வந்து அழுதது. அந்த அழுகையில் பொய் இல்லை. தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஓர் உயிரின் மூச்சு தன் தலைமேல் படுவதை உணர்ந்த குழந்தைக்கு, பாடப்புத்தகத்து யானைப் படம் ஒருநாளும் தர முடியாத ஒன்று கிடைத்தது. யானைக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, அது நம்மைப் பார்க்கிறது என்ற அறிவு அது. கண்ணால் காணாத, கையால் தொடாத உயிரிடம் பரிவு வளர்ப்பது கடினம் என்பதால், இந்த வாசல் பாடத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

ஆனால் அந்த வாசலில் பிள்ளைகள் கேட்கக் கற்றுக்கொள்ளாத கேள்விகள் இருந்தன. இது இரவில் எங்கே தூங்குகிறது? தார்ச்சாலையில் நின்று நின்று இதன் பாதம் என்ன ஆகும்? இதற்கு ஏன் கூட்டாளி இல்லை? பெண் யானை காட்டில் தாய், பெரியம்மா, அக்கா, தங்கை, குட்டிகள் என்று கூட்டமாகவே வாழ்வது. அறுபது வயதைத் தொடக்கூடிய உயிருக்கு 32 பாதி வயதுதான். வரிசையில் நின்ற குழந்தைக்கு இவை தெரியாதது அதன் குற்றமல்ல. காசைக் கையில் கொடுத்துத் தூக்கிப் பிடித்த பெரியவர்கள் சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு நடக்கும் உயிரிரக்கப் பாடம் முழுவதற்கும் உள்ள குறை இதுவே: பிரியத்தை வளர்க்கிறோம், அந்தப் பிரியம் எதிரே நிற்கும் உயிருக்கு என்ன தேவை என்று விசாரிக்கும்படி வளர்ப்பதில்லை.

தமிழ்ப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பேகன் கதையையே எடுத்துக்கொள்ளலாம். மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்த வள்ளல். மயிலுக்கு இறகு இருக்கிறது. போர்வை அதற்குச் சுமை. பழந்தமிழ்ப் புலவர்களுக்கே இது தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் கொடையைக் கொடைமடம் என்று அன்போடு குறை சொன்னார்கள். வகுப்பில் அந்தக் குறை உதிர்ந்துபோய்ப் புகழ் மட்டும் நிற்கிறது. அதே பிள்ளைகள் படிக்கும் மனுநீதிச் சோழன் கதை வேறு வகை. அங்கே பசுவின்மேல் உருகுவதோடு கதை நின்றுவிடவில்லை; கன்று இறந்ததற்கு யார் பொறுப்பு என்று விசாரணை நடக்கிறது, பதில் அரண்மனைக்குள்ளேயே போய் முடிகிறது. தண்டனை இன்றைய மனதுக்கு ஒவ்வாதுதான். ஆனாலும் பொறுப்பைப் பற்றிப் பேச நம்மிடம் உள்ள நல்ல கதை அது. நாமோ அதை அரசநீதிக் கதையாக மட்டும் நடத்திவிட்டுப் போகிறோம்.

இப்படிக் கற்பிப்பதால் பலன் உண்டா என்ற ஐயம் நியாயமானது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிராங்க் அஸியோன் 1990களின் தொடக்கத்தில், ஓராண்டு முழுவதும் வகுப்பில் நடத்தப்பட்ட உயிரிரக்கப் பாடத்தைச் சோதித்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் விலங்குகள் பற்றிய மனப்பான்மை மேம்பட்டது. அது சக மனிதர்மேல் காட்டும் பரிவுக்கும் பரவியது. ஊக்கம் தரும் முடிவு. ஆனால் அளக்கப்பட்டது வினாத்தாளில் தெரியும் மனப்பான்மை. மனப்பான்மை மாறிய பிள்ளை மூன்று மாதம் கழித்தும் நாய்க்குட்டிக்குச் சோறு வைக்கிறதா என்பது வேறு கேள்வி. இத்தகைய பாடத்தைச் சட்டத்திலேயே எழுதிய நாடும் உண்டு: பிரான்ஸ் 2021 நவம்பர் 30 அன்று இயற்றிய சட்டம் வளர்ப்பு விலங்குகளை மதிப்பதைப் பள்ளியின் ஒழுக்க, குடிமைப் பாடத்திலேயே சேர்த்தது. 1826 முதல் பிரெஞ்சுக் கல்வி நடக்கும் லிசே பிரான்சே பள்ளி இருக்கும் ஊர் புதுச்சேரி என்பதால் இந்தச் சட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமுமல்ல. அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: பாடம் வீட்டு நாய், பூனையோடு நின்றுவிடுகிறது. புதுச்சேரிப் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு வீடே கிடையாது.

வலுவான ஆட்சேபம் இங்கேதான் எழுகிறது. தெருநாய் கடித்துப் பிள்ளைகள் சாகிற நாட்டில் நாயிடம் அன்பு காட்டச் சொல்லிக்கொடுப்பது ஆபத்தில்லையா? மனிதருக்கு வரும் ரேபிஸ் நோயில் 99 சதவீதம் வரை நாய்களால் வருவது. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது அடிப்பது பேகன் வழி அன்பைத்தான். பல் தெரிய உறுமும் நாய் சிரிக்கிறது என்று சிறு குழந்தைகள் நினைத்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாயின் காது, வால், உதடு என்ன சொல்கின்றன, தின்னும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் ஏன் கிட்டே போகக் கூடாது, கடித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது நாய்க்குச் செய்யும் மரியாதையும்கூட. இந்த ஊரில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதி, சென்னை திரும்பியபின் 1921இல், தான் வழக்கமாகத் தின்பண்டம் கொடுத்துவந்த திருவல்லிக்கேணிக் கோயில் யானையாலேயே தள்ளப்பட்டார். அவரிடம் அன்புக்குக் குறைவா?

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அதன் சரி, தவறு ஒருபுறம் இருக்கட்டும். காலையில் இரக்கப் பாடம், மதியம் வாசலில் நாய் பிடிக்கும் வண்டி என்றால் பிள்ளை எதை நம்பும்? இரண்டையும் சேர்த்துப் பேசும் ஆசிரியர்தான் உதவுவார். குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தால் நாய் பெருகும். கருத்தடையும் தடுப்பூசியும் நகராட்சியின் வேலை. ஆசைக்கு வாங்கிய நாயை அலுத்ததும் தெருவில் விடுவது குற்றம். இவையெல்லாம் ஐந்தாம் வகுப்புக்குப் புரியாத விஷயங்கள் அல்ல. இவற்றை விட்டுவிட்டு உலக விலங்குகள் தினமான அக்டோபர் 4 அன்று ஓவியப் போட்டி நடத்திச் சான்றிதழ் கொடுப்பது விழா, பாடமல்ல.

பிஞ்சு மனதில் இத்தனை சுமையை ஏற்றலாமா என்பார்கள். என்சிஇஆர்டியின் பழைய ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலில் ஒரு பாம்பாட்டிக் குடும்பத்தின் கதை பாடமாக இருந்தது. பாம்பைப் பிடிப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. அந்தக் குடும்பம் இனி எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வியை அந்தப் பாடம் பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் அப்படியே வைத்தது. பிள்ளைகள் ஒடிந்துபோகவில்லை. பெரும்பாலும் அசௌகரியப்படுவது பெரியவர்கள்தான். கோயில் யானை பற்றிக் கேட்டால் பக்தி புண்படும். கூண்டுக்கிளி பற்றிக் கேட்டால், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி நம் பச்சைக்கிளியை வளர்ப்பதே குற்றம் என்று தாத்தாவிடம் சொல்ல வேண்டிவரும். மீனும் கறியும் இன்னும் தர்மசங்கடமானவை. திருக்குறளின் புலால் மறுத்தலும் வள்ளலாரின் ஜீவகாருண்யமும் கொல்லாமையைப் பேசுகின்றன. வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அதை மட்டுமே சொன்னால், உன் வீட்டுச் சோறே பாவம் என்றுதான் அதன் காதில் விழும். அந்தப் பிள்ளை அடுத்த வகுப்பில் வாய் திறக்காது. உண்பவர் வீட்டுக்கும் உண்ணாதவர் வீட்டுக்கும் பொதுவான கடமைகள் இருக்கின்றன: கறிக்கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகக் கூடாது, கடலில் வலைத்துண்டை வீசக் கூடாது. இவற்றில் இரண்டாவதைப் பற்றி அந்த மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரைவிட அதிகம் தெரியும், கேட்டால் சொல்லும்.